கொலஸ்ட்ரால் ஊசிக்குப் பின் வரும் உபாதைகள்: எது மருந்தால், எது தற்செயலால்?

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் அளவைக் குறைப்பதற்காகத் தோலுக்கடியில் போடப்படும் ஊசிகள், சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதய மருத்துவ மாநாடுகளில் மட்டும் பேசப்பட்டவை. இன்று டெல்லியில் ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் குளிர்பெட்டிகளில் அவற்றைப் பார்க்க முடிகிறது. இதய நாளத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கே இவை பெரும்பாலும் எழுதித் தரப்படுகின்றன. ஊசி போட்ட சில நாட்களில் முதுகு வலித்தாலோ, மூட்டு பிடித்துக்கொண்டாலோ, சளி பிடித்தாலோ, ஊசிதான் காரணமா என்ற கேள்வி உடனே எழுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, மாத்திரைகளில் பழகிய கணக்கு இங்கே சரிவராது. ஒத்துக்கொள்ளாத மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் அது உடலை விட்டு நீங்கிவிடும். இந்த ஊசிகளின் செயல் வாரக்கணக்கிலும், ஒரு வகையில் மாதக்கணக்கிலும் நீடிக்கிறது. ஆகவே எந்த ஊசி, அது எவ்வளவு காலம் உடலில் இருக்கும் என்பது தெரியாமல், உபாதைக்கு அதுதான் காரணம் என்றோ, அதற்குச் சம்பந்தமே இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

எந்த ஊசி என்பது முதல் கேள்வி

'கொலஸ்ட்ரால் ஊசி' என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் இரண்டு வேறுபட்ட வகைகள் உள்ளன.

1. ஆன்டிபாடி ஊசிகள் (குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதங்கள்). எவோலோகுமாப் (ரெபாதா), அலிரோகுமாப் (பிராலுவென்ட்) ஆகிய இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. 2015ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் அடுத்தடுத்து அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. எவோலோகுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 140 மி.கி. அல்லது மாதம் ஒருமுறை 420 மி.கி. என்ற அளவிலும், அலிரோகுமாப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 75 அல்லது 150 மி.கி. என்ற அளவிலும் போடப்படுகின்றன. பழகிக்கொண்டால் நோயாளியே வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

2. ஆர்என்ஏ ஊசி (செல்லுக்குள் ஒரு புரதம் உற்பத்தியாவதைத் தடுக்கும் மரபுப்பொருள் துணுக்கு). இன்க்ளிசிரான் இவ்வகை. ஐரோப்பாவில் 2020 டிசம்பரிலும் அமெரிக்காவில் 2021 டிசம்பரிலும் அனுமதி பெற்றது. அங்கே லெக்வியோ என்றும் இந்தியாவில் சைப்ராவா என்றும் விற்கப்படுகிறது. முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது இதன் ஒழுங்கு. மருத்துவரோ செவிலியரோதான் போடவேண்டும்.

2025இல் இந்தியச் சந்தைக்கு வந்து பரபரப்பாகப் பேசப்பட்ட எடைக்குறைப்பு ஊசிகள் முற்றிலும் வேறு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் என்று அவற்றைப் பற்றி வரும் செய்திகளைப் படித்துவிட்டு, கொலஸ்ட்ரால் ஊசிக்கும் அதே கதிதான் என்று அஞ்ச வேண்டியதில்லை. பேனா வடிவமும் வயிற்றில் போடும் பழக்கமும் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது.

ஊசி செய்யும் வேலை

கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகள் என்ற புரதங்கள் உள்ளன. ரத்தத்தில் வரும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்த துகளுக்காக அவை மீண்டும் மேலே வந்துவிடும். ஒரே ஏற்பி தன் ஆயுளில் நூறு தடவைக்கு மேல் இப்படிப் போய்வருகிறது. டெல்லி பால் திட்டத்தின் பழைய கண்ணாடி பாட்டில்கள் வீட்டுக்கும் பூத்துக்கும் போய்வந்ததைப் போல. பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஏற்பியில் ஒட்டிக்கொண்டால் அந்த ஏற்பி மேலே திரும்புவதில்லை, செல்லுக்குள்ளேயே சிதைக்கப்படுகிறது. ஏற்பிகள் குறையக் குறைய ரத்தத்தில் எல்டிஎல் தேங்குகிறது.

இந்தப் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றம் பரம்பரைக் கொலஸ்ட்ராலுக்குக் காரணமாகலாம் என்பது 2003ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது. பிறவியிலேயே பிசிஎஸ்கே9 குறைவாக வேலை செய்பவர்களின் நிலை என்ன என்று டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் ஆராய்ந்தார்கள். அத்தகைய கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதமும் இதயநாள நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்தன என்ற முடிவு 2006இல் வெளியானது. இந்த ஊசிகள் உருவானதற்கு ஊற்றுக்கண் அதுதான்.

ஆன்டிபாடி ஊசி ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பிசிஎஸ்கே9 புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. இன்க்ளிசிரானோ கல்லீரல் செல்லுக்குள் புகுந்து அந்தப் புரதம் உற்பத்தியாவதையே தடுக்கிறது. எல்டிஎல் குறைவது இரண்டிலும் ஏறத்தாழ பாதிக்கு மேல் என்றாலும், பக்கவிளைவைப் பற்றி யோசிக்கும்போது இந்த வேறுபாடு மிக முக்கியமாகிறது.

சோதனைகள் காட்டிய எண்கள்

பக்கவிளைவு பற்றிய எந்த எண்ணையும் தனியாகப் படிக்கக்கூடாது. மருந்து பெற்றவர்களில் எத்தனை பேருக்கு உபாதை வந்தது என்பதுடன், மருந்தே இல்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் எத்தனை பேருக்கு அதே உபாதை வந்தது என்பதையும் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே மருந்தின் கணக்கில் எழுத வேண்டும்.

2017இல் முடிவுகள் வெளியான ஃபூரியர் என்ற சோதனையில் 27,564 இதயநோயாளிகள் பங்கேற்றனர். எவோலோகுமாப் பெற்றவர்களில் 77.4 சதவீதம் பேர் ஏதோ ஒரு உபாதையைத் தெரிவித்தார்கள். கேட்டால் திடுக்கிடவைக்கும் எண்தான். ஆனால் வெற்று ஊசி பெற்றவர்களிலும் அதே 77.4 சதவீதம் பேர் உபாதை தெரிவித்தார்கள். நடுத்தர வயதைக் கடந்த, இதயநோய் உள்ள ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தால், முக்கால்வாசிப் பேருக்கு ஏதாவது வந்துதான் தீரும்.

அதே சோதனையில் (முதல் எண் மருந்துக்கு, இரண்டாவது வெற்று ஊசிக்கு) தசை சம்பந்தமான உபாதை 5.0 சதவீதத்துக்கு எதிர் 4.8, ஒவ்வாமை 3.1க்கு எதிர் 2.9, ஊசி போட்ட இடத்தில் உபாதை 2.1க்கு எதிர் 1.6. கடைசியில் உள்ள வித்தியாசம் சிறியதாயினும் உண்மையானது என்று புள்ளியியல் காட்டியது. அலிரோகுமாபைச் சோதித்த 2018ஆம் ஆண்டின் ஒடிசி சோதனையில், ஊசி போட்ட இடத்து உபாதை 3.8 சதவீதம், வெற்று ஊசிக்கு 2.1. இன்க்ளிசிரானைச் சோதித்த ஓரியன்-10, ஓரியன்-11 ஆகியவற்றில் இது முறையே 2.6க்கு எதிர் 0.9, 4.7க்கு எதிர் 0.5. அதாவது, ஊசி போட்ட இடத்தின் உபாதை மூன்று மருந்துகளுக்குமே ஐயமின்றி உரியது.

எவோலோகுமாபின் மருந்துக் குறிப்பேட்டில் சளி, தொண்டை வலி, ஃபுளூ, முதுகுவலி ஆகியவையும் உள்ளன. ஓராண்டுச் சோதனையொன்றில் முதுகுவலி 6.2 சதவீதத்துக்கு எதிர் 5.6 என்றும், சளியுடன் கூடிய தொண்டை அழற்சி 10.5க்கு எதிர் 9.6 என்றும் பதிவானதால் அவை பட்டியலில் ஏறின. குறிப்பேட்டில் இருக்கிறது என்பதற்காக, முதுகு வலிக்கும் ஒவ்வொருவருக்கும் ஊசிதான் காரணம் என்று ஆகிவிடாது, அந்த 6.2இல் 5.6 எப்படியும் வந்திருக்கும்.

இந்த எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஃபூரியர் சோதனையில் பங்கேற்றவர்கள் ஸ்டாட்டினைத் தாங்கிக்கொண்டவர்கள். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாததாலேயே ஊசிக்கு வந்தவரின் அனுபவத்தை அந்தச் சராசரியில் தேடுவது முழுவதும் பொருந்தாது. 'சோதனையில் வரவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி வரும்' என்று நோயாளியின் வாயை அடைப்பது மருத்துவமும் ஆகாது, புள்ளியியலும் ஆகாது.

ஊசி போட்ட இடமும் ஒவ்வாமையும்

வயிறு, தொடை, மேற்கை ஆகிய மூன்றில் ஓரிடத்தில் ஊசி போடப்படுகிறது. சில மணி நேரத்தில் அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, தொட்டால் சற்றுச் சூடாக, லேசான அரிப்போடு இருந்து, ஓரிரு நாட்களில் மறைவது வழக்கமான தோற்றம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போட்டால் எரிச்சல் கூடும். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து போடுவது நல்லது. வெந்நீரில் வைத்துச் சூடேற்றக்கூடாது. ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும். தழும்பு, கன்றிய இடம், தடித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வாமை இதிலிருந்து வேறுபட்டது. ஊசி போட்ட இடத்தைத் தாண்டி உடலெங்கும் தடிப்பு எழுவது, உதடோ நாக்கோ கண்ணிமையோ வீங்குவது, மூச்சு இழுப்பது, மயக்கம் வருவது ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள். இவை அரிதானவை, ஆயினும் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கும் விஷயமல்ல. உடனே 112ஐ அழைக்க வேண்டும் அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த மருந்தை மருத்துவர் சொல்லாமல் மறுபடி போட்டுக்கொள்ளக்கூடாது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் ஊசியின் மூடியில் இயற்கை ரப்பர் உள்ளதா என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்துக்கொள்வது நல்லது. எவோலோகுமாபின் சில வடிவங்களில் அது பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

உடல் மருந்தையே அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பதும் நடக்கக்கூடியதே. பொகோசிசுமாப் என்ற மற்றோர் ஆன்டிபாடி ஊசியை ஃபைசர் நிறுவனம் 2016 நவம்பரில் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்: அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எதிர்ப்புப் புரதம் உருவானது, கொலஸ்ட்ரால் குறைவதும் நாளடைவில் மங்கியது. முழுவதும் மனித வகைப் புரதமாக அமைந்த எவோலோகுமாபில் இது 0.3 சதவீதம் பேருக்கே காணப்பட்டது. 2013இல் அனுமதி பெற்றுப் பின்னர் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மிபோமெர்சென் என்ற பழைய ஊசி கல்லீரலைப் பாதித்ததும் உண்மை. இணையத்தில் 'கொலஸ்ட்ரால் ஊசி கல்லீரலைக் கெடுக்கும்' என்று காணப்படும் எச்சரிக்கைகளைப் படிக்கும்போது, எந்த ஊசியைப் பற்றிய பேச்சு அது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தசைவலியும் மூட்டுவலியும்: சிக்கல் நிறைந்த பகுதி

ஊசி போடுபவர்களில் பலர் ஸ்டாட்டினையும் விடாமல் சாப்பிடுகிறார்கள். தசைவலிக்கு ஸ்டாட்டின் காரணமாகும் வாய்ப்பு ஊசியைவிட அதிகம். ஸ்டாட்டினிலும்கூட எல்லா வலியும் மருந்தின் வலி ஆகிவிடாது. 2016ஆம் ஆண்டின் காஸ்-3 சோதனையில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர்களுக்கு அடோர்வாஸ்டாட்டினையும் வெற்று மாத்திரையையும் எது எதுவெனச் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 42.6 சதவீதம் பேருக்கு அடோர்வாஸ்டாட்டினில் மட்டும் தசைவலி வந்தது, 26.5 சதவீதம் பேருக்கு வெற்று மாத்திரையில் மட்டும் வந்தது. பிறகு எவோலோகுமாப் ஊசிக்கு மாற்றப்பட்டவர்களில் 20.7 சதவீதம் பேர் தசைவலி சொன்னாலும், அதன் காரணமாக ஊசியை நிறுத்தியவர்கள் 145இல் ஒருவர் மட்டுமே.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் சோதனையில் (2020), முன்பு ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று கொடுத்து, உபாதையின் கடுமையை நாள்தோறும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பிடச் சொன்னார்கள். எதுவும் சாப்பிடாத மாதங்களில் சராசரி 8.0, வெற்று மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. மருந்து உடலுக்குள் போகிறது என்ற எதிர்பார்ப்பே உண்மையான வலியை எழுப்பவல்லது. இதை 'மனப்பிரமை' என்று ஒதுக்குவது தவறு. வலிப்பவருக்கு வலிக்கிறது, அதன் ஊற்று மட்டும் வேறு.

டெல்லியில் வாழ்பவருக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளும்.

1. மழைக்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபரில் சிக்குன்குனியாவும் டெங்குவும் பரவும் ஊர் இது. 2016இல் டெல்லியைச் சிக்குன்குனியா ஆட்டிவைத்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும்.

2. நவம்பரில் காற்று மாசு உச்சத்துக்குப் போகும்போது தொண்டை கரகரப்பும் இருமலும் வீடுதோறும் இருக்கும். ஊசியின் குறிப்பேட்டில் உள்ள தொண்டை அழற்சியையும் இதையும் ஒரு தனிமனிதரிடம் பிரித்தறிவது ஏறக்குறைய இயலாது.

3. அந்த இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தரப்பட்டால், அது அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். தசை வலிக்கத் தொடங்கும். பழி ஊசியின்மேல் விழும். இப்படி மூன்றாவது மருந்து ஒன்று நடுவில் புகுந்திருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறப்பவர்கள் அதிகம்.

4. தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும், தசையும் வலிக்கும். கொலஸ்ட்ரால் குறையவில்லையே என்று ஊசிக்குப் போகும் முன்பே டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் இப்போதாவது பார்க்க வேண்டும். வட இந்தியாவில் பரவலாகக் காணப்படும் வைட்டமின் டி குறைபாடும் கை கால் குடைச்சலுக்குக் காரணமாகலாம்.

கடும் தசைவலியுடன் சிறுநீர் கறுத்துப் போனால், தசை சிதைகிறது என்ற ஐயத்தில் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; சிகே என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

உடலில் தங்கும் காலம்

ஒரு மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். எவோலோகுமாபின் அரை ஆயுள் 11 முதல் 17 நாள்; அலிரோகுமாபுக்கு 17 முதல் 20 நாள், ஸ்டாட்டினுடன் சேர்ந்தால் சுமார் 12 நாள். ஐந்து அரை ஆயுள் கடந்தால் மருந்து ஏறக்குறைய நீங்கிவிட்டதாகக் கொள்வது மருந்தியல் வழக்கம். அப்படியானால் எவோலோகுமாப் நீங்க இரண்டு முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். ஊசியைத் தவிர்த்த வாரமே வலி போய்விட்டால், மருந்து இன்னும் உடலில் இருக்கும்போதே போய்விட்டது என்று பொருள். அது ஊசிக்கு எதிரான சாட்சியம் ஆகாது. மாறாக, நிறுத்தி மூன்று வாரமாகியும் வலி நிற்கவில்லை என்பதால் ஊசிக்குச் சம்பந்தமில்லை என்றும் அவசரப்படக்கூடாது.

ஊசி போட்ட மூன்றாம், நான்காம் நாளில்தான் எவோலோகுமாப் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே நாட்களில் உபாதை கூடி, இரண்டாவது வாரத்தில் தணிந்து, அடுத்த ஊசிக்குப் பின் மீண்டும் கூடினால், அந்த ஏற்ற இறக்கம் கவனத்துக்குரியது. எந்த நாளும் ஒரே சீராக வலித்தால் ஊசியின் பங்கு குறைவாக இருக்கவே வாய்ப்பு.

இன்க்ளிசிரானில் விந்தையான நிலைமை. மருந்து ஒன்றிரண்டு நாட்களிலேயே ரத்தத்தில் காண முடியாதபடி மறைந்துவிடுகிறது; ஆனால் கல்லீரல் செல்லுக்குள் அதன் வேலை ஆறு மாதம் நீடிக்கிறது. போட்ட பிறகு வேண்டாம் என்றால் திரும்ப எடுக்க வழியில்லை. அமெரிக்கக் குறிப்பேட்டில் இதற்கு மூட்டுவலி 5.0 சதவீதத்துக்கு எதிர் 4.0 என்று பதிவாகியிருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளுமா என்ற தயக்கம் உள்ளவர், முதலில் இரண்டு வார ஊசியில் தொடங்கிப் பார்ப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு; ஆறு மாத ஊசி வசதியானது என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுப்பது இந்த நோக்கில் சரியாகத் தோன்றவில்லை.

எடைபோடும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

மருந்துக்கும் உபாதைக்கும் உள்ள தொடர்பை மதிப்பிட, 1981இல் வகுக்கப்பட்ட நரன்ஜோ அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. பத்துக் கேள்விகள், ஒன்பதும் அதற்கு மேலும் மதிப்பெண் என்றால் 'உறுதி', ஐந்து முதல் எட்டு 'பெரும்பாலும்', ஒன்று முதல் நான்கு 'இருக்கலாம்', அதற்கும் கீழே 'ஐயத்துக்குரியது'.

ஆர்.கே. புரத்தில் வசிக்கும் 66 வயது ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஸ்டென்ட் உண்டு, ரோசுவாஸ்டாட்டினுடன் ஆகஸ்டில் எவோலோகுமாப் தொடங்கினார். செப்டம்பர் நடுவில் இரண்டு நாள் காய்ச்சல். அதன்பின் கணுக்காலிலும் முழங்காலிலும் வலி, காலையில் கழிப்பறைக்கு நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை. ஊசியையும் ஸ்டாட்டினையும் ஒரே நாளில் அவர் தாமாகவே நிறுத்திவிட்டார்.

அளவுகோல் என்ன சொல்லும்? இந்த மருந்தில் மூட்டுவலி முன்பே பதிவாகியிருப்பதால் ஒரு மதிப்பெண். மருந்துக்குப் பிறகே வலி வந்ததால் இரண்டு. காய்ச்சலுடன் வந்ததால் சிக்குன்குனியா என்ற மாற்றுக் காரணம் வலுவாக இருக்கிறது. ஒன்று கழிய, நிற்பது இரண்டு. 'இருக்கலாம்' என்ற வகையில் விழுகிறது. இனி மேலே நகர வேண்டுமானால் மருந்தை நிறுத்தியபின் நடந்ததும், மறுபடி தொடங்கியபின் நடந்ததும் தெரிய வேண்டும். அவர் இரண்டு மருந்தையும் சேர்த்து நிறுத்தியதால், வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. சிக்குன்குனியாவுக்கான ரத்தப் பரிசோதனையை முதலில் செய்து, தேவைப்பட்டால் மருத்துவர் சொற்படி ஒன்றை மட்டும் நிறுத்தி, தேதிகளை ஒரு நோட்டில் குறித்திருந்தால் படம் தெளிந்திருக்கும். அந்த நோட்டில் இருக்க வேண்டியவை: ஊசி போட்ட தேதி, போட்ட இடம், உபாதை தொடங்கிய நாள், அதன் கடுமை, அன்று சாப்பிட்ட மற்ற மருந்துகள்.

கடும் ஒவ்வாமை வந்தவருக்கு 'மறுபடி போட்டுப் பார்ப்போம்' என்ற சோதனை கூடாது. அது வலி, அசதி போன்ற மிதமான உபாதைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

நினைவாற்றல், சர்க்கரை, மிகக் குறைந்த எல்டிஎல்

எல்டிஎல் 30 மி.கி.க்குக் கீழே இறங்கிய அறிக்கையைப் பார்த்து, மூளைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டுமே என்று பதறுபவர்கள் உண்டு. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. ரத்தத்தில் உள்ள எல்டிஎல் அங்கே போவதில்லை. ஃபூரியர் சோதனையின் கிளையான எபிங்ஹாஸ் ஆய்வில், நினைவாற்றலைக் கணினித் தேர்வுகள் மூலம் அளந்தபோது ஊசிக்கும் வெற்று ஊசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறவியிலேயே பிசிஎஸ்கே9 இல்லாமல், வெறும் 14 மி.கி. எல்டிஎல்லுடன் ஆரோக்கியமாக வாழ்ந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றிய மருத்துவப் பதிவும் உண்டு. எவோலோகுமாபைத் தொடர்ந்து எடுத்தவர்களில் சிலரை எட்டு ஆண்டுகளுக்கு மேலும் கவனித்த நீட்டிப்பு ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. புதிய ஆபத்து எதுவும் தலைகாட்டவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் ஃபூரியரில் 8.1 சதவீதத்துக்கு எதிர் 7.7, பொருட்படுத்தத்தக்க வித்தியாசமாக அது கணிக்கப்படவில்லை.

வெயிலும் ரயில் பயணமும்

ஆன்டிபாடி ஊசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 30 நாள் வரை வைத்துப் பயன்படுத்தலாம். மே மாதத்து டெல்லியில் அப்படியொரு அறை ஏசி இல்லாமல் கிடைக்காது. கடையிலிருந்து வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும், மணிக்கணக்கில் மின்சாரம் போன நாளில் குளிர்பெட்டியை நம்புவதும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கலாம். உறைந்துபோன மருந்தும் பயனற்றதே. ஆகவே ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் செய்பவர், பனிக்கட்டி நேரடியாகப் படாதவாறு துணி சுற்றி, குளிர்ப் பையில் எடுத்துச் செல்லலாம். ஊசி போட்டும் எல்டிஎல் குறையவில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் அது வைக்கப்பட்ட விதத்தை விசாரிக்க வேண்டும். இன்க்ளிசிரானுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை.

எங்கே தெரிவிப்பது

உபாதையை மருத்துவரிடம் சொல்வதோடு நாட்டின் பதிவேட்டிலும் ஏற்றலாம். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் ஒருங்கிணைப்பு மையம் முதலில் டெல்லி எய்ம்ஸில் இருந்தது. 2011இல் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாறியது. நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் வேலை நாட்களில் இயங்குகிறது. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. மருந்துதான் காரணம் என்று நிரூபித்த பிறகே தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. ஐயம் இருந்தாலே போதும். மருந்துப் பெட்டியில் உள்ள தொகுப்பு எண்ணைக் குறிப்பிடுவது மிக உதவியானது. பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுபவர்களே அதிகம்.

ஊசி தவறினால், தள்ளிப்போட்டால்

ஆன்டிபாடி ஊசியை நிறுத்தினால் எல்டிஎல் சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பும். பழைய அளவைத் தாண்டி எகிறுவதாகச் சோதனைகளில் காணப்படவில்லை. உபாதையின் காரணத்தை ஆராய ஓரிரு ஊசியைத் தள்ளிப்போடுவது பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. ஆனால் அண்மையில் மாரடைப்பு வந்தவர் அதை இதய மருத்துவரிடம் கேட்காமல் செய்யக்கூடாது.

1. இரண்டு வார ஊசி தவறி ஏழு நாட்களுக்குள் நினைவு வந்தால், உடனே போட்டுக்கொண்டு பழைய தேதி வரிசையையே தொடரலாம்.

2. ஏழு நாள் கடந்துவிட்டால், அதை விட்டுவிட்டு அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

3. இன்க்ளிசிரான் மூன்று மாதத்துக்குள் தாமதமானால் போட்டுக்கொண்டு பழைய ஒழுங்கிலேயே போகலாம். மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் முதல் ஊசி, மூன்று மாதத்தில் அடுத்தது, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று தொடக்கத்திலிருந்து வர வேண்டும்.